முடிவைத் தெரிந்து வைத்திருப்பவர்

நேயர்களுக்கு வணக்கம்.

நாம் விரும்பிப் பார்க்கிற ஒரு தொடரில், வருடக்கணக்காகப் பழகிய ஒரு பாத்திரம் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசும். 'இவள் இப்படிச் சொல்ல மாட்டாளே!' என்று நமக்கே தோன்றும். நமக்கு முன்பே அதைக் கவனித்திருக்க வேண்டியவர் ஒருவர் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவரை ஷோரன்னர் என்கிறார்கள்.

சினிமா என்றால் டைரக்டர். அங்கே தொடர்களில் டைரக்டர்கள் எபிசோடுக்கு எபிசோடு மாறுவார்கள். மாறாமல் இருப்பவர் ஷோரன்னர்தான். பெரும்பாலும் எழுத்தாளர். எழுத்தாளர்களை உட்கார வைத்துக் கதையை எபிசோடுகளாகப் பிரிப்பது, நடிகர் தேர்வு, பட்ஜெட், எடிட்டிங் எல்லாம் அவர் தலையில். டைட்டிலில் மட்டும் எக்சிக்யூட்டிவ் புரொட்யூசர்கள் வரிசையில் ஒரு பெயராக வந்து போவார்.

இத்தனையிலும் பெரிய வேலை, கதை எங்கே முடியும் என்று தெரிந்து வைத்திருப்பது. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இன்றைக்கும் சொல்கிறேன். 2004இல் ஏபிசி சேனலில் 'லாஸ்ட்' தொடங்கியது. தீவில் விழுந்த விமானம், பிழைத்தவர்கள், மர்மத்துக்கு மேல் மர்மம். ஷோரன்னர்கள் டேமன் லிண்டலாஃப், கார்ல்டன் கியூஸ் என்று இரண்டு பேர். தொடர் பெரிய வெற்றி. வெற்றி பெற்ற தொடரை எந்தச் சேனல் நிறுத்தும்? முடிவு எப்போது என்று தெரியாவிட்டால், எழுதுகிறவர் விடையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மூன்றாவது சீசனில் நாயகன் பச்சை குத்திக்கொண்ட கதைக்கே ஒரு எபிசோடு போனது. அப்புறம் இருவரும் கேட்டு வாங்கியது என்ன தெரியுமா? முடிவுத் தேதி! 2010இல் தொடர் முடியும், சீசனுக்கு 16 எபிசோடு என்று 2007 மே மாதம் அறிவிப்பு வந்தது. அதுவரை சீசனுக்கு 20க்கு மேல். ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு மூன்று வருடம் முன்பே முற்றுப்புள்ளி கேட்டு வாங்குவது சாதாரணத் துணிச்சல் இல்லை. கடைசி எபிசோடு பிடிக்காதவர்கள் நிறையப் பேர். சரி, அது வேறு விஷயம். முடிக்கும் உரிமை எழுதியவர்கள் கைக்கு வந்தது, எனக்கு அதுதான் முக்கியம்.

அங்கே சினிமா, தொலைக்காட்சிக்கு எழுதுகிறவர்களின் சங்கம் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிலையக் கடிகாரம் விடவில்லை. ஷோரன்னர் ஒரு பக்கம் நிர்வாகி, மறுபக்கம் அதே சங்கத்தின் உறுப்பினர். 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது அவர்களும் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஒரு தொடருக்குக் குறைந்தபட்சம் இத்தனை எழுத்தாளர்கள் வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் ஒப்பந்தத்தில் ஏறியது. அடுத்த ஷோரன்னர்கள் அந்த எழுத்தாளர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

நன்றி, வணக்கம்.