3,285 கிலோமீட்டர், 8 வினாடி

அனைவருக்கும் வணக்கம்.

இன்று ஒரே ஒரு சைக்கிள் பந்தயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 1989 ஜூலை 1 அன்று லக்சம்பர்க்கில் தொடங்கி, ஜூலை 23 அன்று பாரிஸில் முடிந்த டூர் டி பிரான்ஸ். மொத்தத் தூரம் 3,285 கிலோமீட்டர். ஜெயித்தவர் அமெரிக்கர் கிரெக் லெமான்ட். அவருடைய மொத்த நேரம் 87 மணி 38 நிமிடம் 35 வினாடி. இரண்டாவதாக வந்த பிரெஞ்சுக்காரர் லொரான் ஃபின்யோன் அதைவிட 8 வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டார். 1903இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தில் இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் வேறு யாரும் ஜெயித்ததில்லை.

இந்தப் பந்தயத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். லெமான்ட் புது மாதிரி ஹேண்டில்பார் வைத்திருந்தார், ஃபின்யோன் ஹெல்மெட் போடாமல் குதிரைவால் முடியோடு ஓட்டினார், அதனால் தோற்றார் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் மூன்று வாரப் பந்தயத்தைக் கடைசி அரை மணி நேரத்துக்குள் அடைத்துவிடுவது இரண்டு பேருக்குமே செய்கிற அநியாயம் என்பது என் கருத்து.

கணக்கு எளிமையானது. ஒவ்வொரு நாளும் ஓட்டிய நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. முதல் நாள் விட்ட வினாடிக்கும் கடைசி நாள் விட்ட வினாடிக்கும் ஒரே மதிப்புதான். இதற்கு சாட்சி ஸ்பெயின் வீரர் பெட்ரோ டெல்காடோ. முந்தைய ஆண்டு டூரை ஜெயித்தவர். லக்சம்பர்க்கில் முதல் நாள் தனி ஓட்டம், அதாவது ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டியிடுவது. அதற்கு 2 நிமிடம் 40 வினாடி தாமதமாக வந்து சேர்ந்தார். யாருக்காகவும் கடிகாரம் நிற்கவில்லை. மறுநாள் அணி ஓட்டத்திலும் சுருண்டுபோனார். 7 நிமிடத்துக்கும் மேல் பின்தங்கிய அந்த மனிதர், பிறகு மலைகளில் ஏறி ஏறிப் பாதிக் கடனை அடைத்து, 3 நிமிடம் 34 வினாடி வித்தியாசத்தில் மூன்றாவதாக முடித்தார். அந்த ஆண்டின் மிகப் பெரிய உழைப்பு அவருடையதுதான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, லெமான்டுக்கு வருவோம். 1986இல் டூரை ஜெயித்த முதல் அமெரிக்கர் அவர். 1987 ஏப்ரலில் வேட்டைக்குப் போன இடத்தில் மைத்துனரின் துப்பாக்கி தவறுதலாக அவர்மேல் வெடித்தது. பிழைத்ததே பெரிய விஷயம். 30க்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளை எடுக்க முடியாமல் உடம்பிலேயே விட்டுவிட்டார்கள், சில இதயத்தின் உறையில். இரண்டு வருடம் கழித்து, மலைகளில் கைகொடுக்க ஆளில்லாத ஏடிஆர் என்ற சிறிய பெல்ஜிய அணியில் சேர்ந்து அவர் டூருக்கு வருகிறார். ஃபின்யோனோ 1983, 1984 இரண்டு முறையும் டூரை ஜெயித்தவர். குதிகால் தசைநாண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பல வருடம் தடுமாறி, அந்த ஜூனில்தான் இத்தாலி சுற்றுப் பந்தயத்தை ஜெயித்துவிட்டு வந்திருந்தார். அதாவது, இரண்டு பேருமே முடிந்துபோனவர்கள் என்று ஊர் கைகழுவியவர்கள்.

அப்புறம் நடந்தது அபூர்வமான ஆட்டம். ரென் நகரத் தனி ஓட்டத்தில் லெமான்ட் மஞ்சள் ஜெர்சியை எடுத்தார், முன்னிலை 5 வினாடி. பிரெனீஸ் மலையில் ஃபின்யோன் பறித்தார், 7 வினாடி. ஆல்ப்ஸில் லெமான்ட் திரும்ப வாங்கி, முன்னிலையை 53 வினாடி வரை கொண்டுபோனார். மூன்று வாரத்தில் இவர்கள் இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி 53 வினாடியைத் தாண்டவே இல்லை.

ஆல்ப் டுயெஸ் ஏற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃபின்யோனின் மேலாளர் சிரில் கிமார், முன்பு லெமான்டுக்கும் மேலாளராக இருந்தவர். சீட்டில் லெமான்டின் தோள் ஆடுகிற விதத்தை வைத்தே களைப்பைப் படித்துவிடுவார். காரை ஓரமாகக் கொண்டுவந்து, இப்போதே பாய் என்று ஃபின்யோனிடம் சொன்னார். அந்த நொடியில் ஃபின்யோனாலும் முடியவில்லை. இன்னும் மேலே போய்த்தான் பாய்ந்தார். அதிலேயே 1 நிமிடம் 19 வினாடி கிடைத்தது. கொஞ்சம் முன்னால் பாய முடிந்திருந்தால்? பாரிஸில் தொலைந்ததாகச் சொல்லும் 8 வினாடி அங்கேயும் கிடந்தது. மறுநாள் இன்னொரு 24 வினாடி சேர்த்து, ஃபின்யோனின் முன்னிலை 50 வினாடி ஆனது.

கடைசி நாள். பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு. வெர்சாயிலிருந்து ஷான்ஸெலிஸே வரை 24.5 கிலோமீட்டர் தனி ஓட்டம். கிலோமீட்டருக்கு 2 வினாடி பிடித்தால்தான் லெமான்டுக்கு வழி. முடியாத காரியம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஃபின்யோனுக்குச் சீட்டில் உரசி உரசித் தொடை இடுக்கில் புண். தூக்கம் போய்விட்டது. அதை வெளியே சொல்லவும் இல்லை.

அந்த வேகத்தில் காலின் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிக்காரர்கள் பயன்படுத்திய நீட்டுக் கம்பியில் முழங்கைகளை ஒட்டிவைத்து, கூர்வால் ஹெல்மெட்டோடு லெமான்ட் காற்றுக்குள் புகுந்து போனார். தன் நேரத்தை வழியில் யாரும் சொல்ல வேண்டாம் என்று காரில் வந்தவர்களிடம் சொல்லிவிட்டார். 26 நிமிடம் 57 வினாடி. சராசரி வேகம் மணிக்கு 54.545 கிலோமீட்டர், அதுவரை டூர் தனி ஓட்டங்களில் யாரும் தொடாத வேகம்.

இரண்டு நிமிடம் பின்னால் கிளம்பிய ஃபின்யோனுக்கு 27 நிமிடம் 47 வினாடி போதும். கல் பாவிய சாலையில் வளைந்து நெளிந்து அவர் வருகிறார். அந்த எண் கடந்துபோகிறது. 27:55. கோட்டைத் தாண்டியதும் தரையில் விழுந்தார். அவரும் மணிக்கு 52 கிலோமீட்டருக்கு மேல்தான் ஓட்டியிருந்தார், அன்றைய ஓட்டத்தில் மூன்றாமிடம். புண்ணோடு அப்படி ஓட்டியவரை சொதப்பிவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

லெமான்ட் அடுத்த மாதமே உலகச் சாம்பியன் பட்டத்தையும், 1990இல் மறுபடி டூரையும் ஜெயித்தார். கடைசி நாளில் தனி ஓட்டம் வைக்கிற துணிச்சல் டூருக்குத் திரும்ப வர 2024 வரை ஆனது, அதுவும் நீஸ் நகரில். ஃபின்யோன் 2010இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 50. செய்தி எழுதியவர்கள் அந்த 8 வினாடியைத்தான் நினைவுகூர்ந்தார்கள். அதே 1989இல் மிலான்–சான் ரெமோ பந்தயம் அவருடையது, இத்தாலி சுற்று அவருடையது, பிரான்ஸின் புகழ்பெற்ற தனி ஓட்டமான கிராண்ட் ப்ரீ தே நசியோனும் அவருடையது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த சைக்கிள் வீரர் யார் என்று என்னைக் கேட்டால், ஃபின்யோன் என்பேன்.

நன்றி.