வீட்ல ஒருத்தர் தவறிட்டா டாக்டர் எப்ப கையெழுத்து போடுவாரு?

வணக்கம். இன்னிக்கு சொல்லப்போற விஷயத்த யாருக்கும் பேசப் பிடிக்காது, ஆனா ராத்திரி மூணு மணிக்கு திடீர்னு தேவைப்படும்.

எங்க தாத்தா சிங்கப்பூர்ல ஈசூன் வீட்ல தூக்கத்துலயே போயிட்டாரு. வீட்டுக்கு வந்த டாக்டர் கண்ணுல டார்ச் அடிச்சு பாத்தாரு, நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சு ரொம்ப நேரம் அசையாம கேட்டாரு, அப்புறம் "பழைய ரிப்போர்ட் ஏதாச்சும் இருக்காம்மா?"ன்னாரு. பாட்டி ஒரு பிஸ்கட் டின்ன கொண்டுவந்து வச்சாங்க, உள்ள ஐசி (அடையாள அட்டை), மாத்திரை அட்டை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாம் மடிச்சு வச்சிருந்தது. அந்த டின் தாங்க எங்கள காப்பாத்துச்சு.

ஏன்னா உயிர் போயிடுச்சுன்னு பாத்து சொல்றது வேற, எதனால போச்சுன்னு எழுதித் தர்றது வேற. 'ஹார்ட் நின்னுடுச்சு'ன்னு மட்டும் எழுதினா பத்தாது, யாரு இறந்தாலும் ஹார்ட் நிக்கத்தான் செய்யும், அத நிறுத்தின நோய் என்னன்னு எழுதணும். அது தெரியலன்னா டாக்டர் கையெழுத்து போட மாட்டாரு, அவர்மேல கோவப்பட்டு பிரயோஜனமில்ல, சட்டம் அப்படி. போலீசுக்கு சொல்லணும், உடல் அவுட்ராம்ல இருக்கற எச்எஸ்ஏ (சுகாதார அறிவியல் ஆணையம்) மார்ச்சுவரிக்குப் போகும், போஸ்ட்மார்ட்டம் வேணுமா வேணாமான்னு கொரோனர், அதாவது மரணத்த விசாரிக்கற அதிகாரி, முடிவு பண்ணுவாரு. அன்னிக்கே மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோகணும்னு நெனச்சு சொந்தக்காரங்க எல்லாம் புளோக்குக்குக் கீழ இருக்கற வாய்ட் டெக்ல காத்துக்கிட்டு இருக்கறப்ப இது எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாது. நோய் தெரிஞ்சாலும் சில மரணத்துக்கு டாக்டர் கையெழுத்து போடக்கூடாது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்ச பாட்டி, படுத்த படுக்கையாகி ரெண்டு வாரம் கழிச்சு நிமோனியாவுல போனாங்கன்னு வச்சுக்கோங்க. ஆரம்பம் அந்த விழுந்தது தானே, அதனால அதுவும் கொரோனர்கிட்ட தான் போகும். 2010 கொரோனர் சட்டத்துல இயற்கையில்லாத மரணம், காரணம் தெரியாத மரணம், காவல்ல இருக்கறப்ப நடந்த மரணம் எல்லாம் இதுல வரும்.

மூளைச்சாவு வேற கதை. வென்டிலேட்டர்ல நெஞ்சு ஏறி இறங்கும், தொட்டா உடம்பு சூடா இருக்கும், ஆனா மூளை மொத்தமா, திரும்பவே முடியாதபடி நின்னுட்டா இங்க சட்டப்படி அது மரணம் தான். அத ரெண்டு டாக்டருங்க உறுதிப்படுத்தணும்.

டாக்டர் ஆன்லைன்ல பதிஞ்சதும் மரணம் தானாவே ரெஜிஸ்டர் ஆயிடும், 2022 மே 29லேருந்து இப்படித்தான், முன்னமாதிரி நீங்க போய் பதிய வேணாம். சான்றிதழ் டிஜிட்டல் தான். மை லெகசிங்கற அரசாங்க வெப்சைட்ல சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் லாகின்) போட்டு 30 நாளுக்குள்ள டவுன்லோட் பண்ணி, ரெண்டு மூணு எடத்துல சேவ் பண்ணி வச்சுக்கோங்க, பேங்க், சிபிஎஃப் (மத்திய சேமநிதி), இன்சூரன்ஸ்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க.