தியானத்தில் உடல் நடுங்கினால் அது விழிப்பா?

வணக்கம். சென்ற காணொளிக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அவருடைய சொற்களிலேயே வாசிக்கிறேன்.

"ஐயா, சில மாதங்களாக இணையத்தில் பார்த்து மூச்சுப் பயிற்சியும் தியானமும் செய்து வருகிறேன். சில வேளைகளில் முதுகு வழியாகச் சூடு ஏறுகிறது, உடல் நடுங்குகிறது. ஒருநாள் நெற்றிக்குள் வெளிச்சம் தெரிந்தது. குண்டலினி எழுந்துவிட்டது, இதுதான் தந்திர மார்க்கம் சொல்லும் விழிப்பு என்று அந்தக் குழுவில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். அம்மம்மாவோ, அது மாந்திரீகம், சைவப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று தடுக்கிறார். யார் சொல்வது சரி?"

பிள்ளை, முதலில் அம்மம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. ஏவல், பில்லி, சூனியம் என்று சொல்லிக் காசு பறிக்கிறவர்கள் தந்திரம் என்ற பெயரைத்தான் முன்னே வைக்கிறார்கள். ஆனால் தந்திர நூல்கள் எங்கள் சைவத்துக்குப் புறம்பானவை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. நாங்கள் ஆகமம் என்று கும்பிடும் நூல்களும் தந்திரம் எனப்படும் நூல்களும் ஒரே மரபில் வந்தவை. சைவ சித்தாந்தம் முதனூலாகக் கொள்ளும் ஆகமங்கள் 28. "அஞ்சொடு இருபத்து மூன்றுள ஆகமம்" என்று கணக்குச் சொன்ன திருமூலர், தம்முடைய நூலையே ஒன்பது தந்திரங்களாகத்தான் வகுத்தார். எங்கள் ஆறுமுக நாவலர் பெருமான் (1822–1879) நல்லூர்க் கோயிலில் ஆகம விதிப்படி காரியங்கள் நடக்கவில்லை என்று எவ்வளவு கடுமையாக வாதாடினார் என்று அம்மம்மா கேள்விப்பட்டிருப்பார். அந்த வாதம் முழுவதும் இந்த நெறியைக் காப்பதற்காக நடந்த வாதம்.

இன்னும் கிட்டவே காட்டுகிறேன். உங்கள் ஊர்க் கோயிலில் பூசை தொடங்குமுன் ஐயர் ஆசனத்தில் இருந்து கண்ணை மூடி, மூக்கைப் பிடித்து, தம்முடைய உடலைத் தொட்டுத் தொட்டு ஏதோ செய்வார். நாங்கள் அந்த நேரத்தில் வெளியே நின்று கதைத்துக்கொண்டிருப்போம். அவர் அங்கே செய்வதற்குப் பூதசுத்தி என்று பெயர். மூச்சை அடக்கி, தம் உயிரறிவை இதயத்தில் இருந்து சுழுமுனை என்ற நடு நாடி வழியாக மேலே எடுத்து, உச்சந்தலைக்கு மேல் பன்னிரண்டு விரற்கடை உயரத்தில் இருக்கும் துவாதசாந்தத்தில் சிவத்தோடு சேர்த்து வைக்கிறார். கீழே விட்டுவந்த உடலின் ஐந்து பூதங்களையும் ஒவ்வொன்றாக ஒடுக்குகிறார். உடல் மந்திரத் தீயில் எரிந்துபோனதாகப் பாவிக்கிறார். மேலிருந்து அமுதம் பொழிந்து புதிய உடல் உண்டானதாகப் பாவிக்கிறார். அந்தப் புதிய உடலில் கரநியாசம், அங்கநியாசம் என்று கைகளிலும் உறுப்புகளிலும் மந்திரங்களைப் பதிக்கிறார். அதன் பிறகும் நேரே மூர்த்தியிடம் போவதில்லை, முதலில் அந்தர்யாகம் என்ற உட்பூசை. இதயத்தில் பூசை, நாபியில் ஓமம், புருவ நடுவில் தியானம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வெளியே இருக்கும் மூர்த்திக்கு முதற் பூவை எடுக்கிறார்.

சிவமாகியே சிவனைப் பூசிக்க வேண்டும் என்பது ஆகம விதி. தில்லையில் இருந்த அகோரசிவாசாரியார் 12ஆம் நூற்றாண்டில் கிரியாக்கிரமத்யோதிகை என்ற பத்ததியை, அதாவது கிரியை முறை சொல்லும் நூலை, எழுதினார். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சிவாசாரியார்கள் பலர் இன்றும் அதை ஒட்டியே பூசை செய்கிறார்கள். நான் என்று பிடித்துவைத்திருக்கும் இந்த உடலை ஒவ்வொரு நாளும் ஒருமுறை எரித்துவிட்டு, அந்த இடத்தில் சிவத்தை வைக்கப் பழகும் பெரிய தியானம் இது. அவசரத்தில் அது சில விரல் அசைவுகளாகச் சுருங்கிப்போன கோயில்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நோகிறது. தந்திரத்தைத் தேடிக் கைத்தொலைபேசிக்குள் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு, அது அடுத்த ஒழுங்கையில் இருக்கும் கோயிலில் நடக்கிறது என்று சொல்லிக்கொடுக்க நாங்கள் தவறிவிட்டோம்.

இனி உங்கள் நடுக்கத்துக்கு வருகிறேன். அதை நான் இல்லை என்று தள்ளமாட்டேன். பழைய நூல்கள் இதை அறிந்திருக்கின்றன. மாலினீவிஜயோத்தரம் என்ற தந்திரம் ஐந்து நிலைகளைச் சொல்கிறது: ஆனந்தம், உற்பவம், கம்பம், நித்திரை, கூர்ணி. இன்பம் ஊறுவது, உடல் துள்ளுவது, நடுங்குவது, தூக்கம் போன்ற ஒடுக்கம், சுழல்வது. காஷ்மீரத்தில் 10–11ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபிநவகுப்தர் தந்திராலோகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் இவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறார். உடலே நான் என்று பிறவி பிறவியாகப் பிடித்துவைத்த பிடி தளரத் தொடங்கும்போது உடல் நடுங்குகிறது என்பது அவர் சொல்லும் காரணம். பிடி விட்டுப்போன பிறகு வருவதில்லை, தளரும்போது வருவது. வரிசையில் அது மூன்றாவது என்பதையும் கவனியுங்கள். வழியில் ஒரு கட்டம்.

ஆனால் உடல் நடுங்குகிற எல்லாருக்கும் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது என்று எந்த நூலும் சொல்லவில்லை. வேகமாக மூச்சு விடுகிற பயிற்சியில் இரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைந்துவிடும். கை கால் விறைக்கும், தலை சுற்றும், உடல் நடுங்கும். அதற்கும் ஆன்மிகத்துக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் மண்ணில் இன்னுமொரு காரணமும் உண்டு. இடம்பெயர்வையும் ஷெல் சத்தத்தையும் பதுங்குகுழியையும் கண்டு வளர்ந்தவர்கள், அவர்களால் வளர்க்கப்பட்ட பிள்ளைகள், கண்ணை மூடி அமைதியாக இருக்கத் தொடங்கும்போது, உள்ளே அமுக்கிவைத்த பயம் மேலே வரலாம். அப்படி வருபவரிடம் உங்களுக்குக் குண்டலினி எழுந்துவிட்டது என்று சொல்வது பெரிய அநியாயம். நித்திரை கெட்டால், காரணமில்லாமல் பயம் பிடித்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சக்கரங்களைப் பற்றி அந்தக் குழுவில் சொல்வதை நான் அதிகம் தொடப்போவதில்லை. ஆறு ஆதாரம், அதாவது ஆறு சக்கரம், என்பது பல கணக்குகளில் ஒன்று. ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு என்று வைத்த நூல்களும் இருக்கின்றன. ஏழு சக்கரங்களுக்கும் வானவில்லின் ஏழு நிறங்களைப் பூசியது 20ஆம் நூற்றாண்டில் மேற்கு நாடுகளில் வந்த வழக்கம்.

சரி, விழிப்பு என்றால் என்ன? இங்கேதான் ஆறுதலாகக் கேட்க வேண்டும்.

எங்கள் சித்தாந்தம் விழிப்பைச் சத்திநிபாதம் என்று சொல்கிறது. இறைவனின் சத்தி உயிரிலே பதிவது. அதை உயிர் தன் முயற்சியால் உண்டாக்க முடியாது. நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும் இருவினையொப்பு வந்து, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் பக்குவப்பட்டபோது, இதுவரை மறைத்துக்கொண்டிருந்த அதே சத்தி அருட்சத்தியாகப் பதிகிறது. மறைத்ததும் அவன், திறப்பதும் அவன். அந்தப் பதிவு மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு வகைப்படும். காஷ்மீர மரபில் அபிநவகுப்தர் அதையே ஒன்பதாக விரிக்கிறார். இரண்டு மரபும் எண்ணிக்கையில் வேறுபட்டாலும் அருள் முதலில் வருகிறது, முயற்சி அதன் பின்னே வருகிறது என்பதில் ஒன்றுபடுகின்றன.

அந்தப் பதிவு நடந்தது என்று எப்படி அறிவது? நூல்கள் தரும் பதில் எனக்கு ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் சிலிர்ப்பைத் தருகிறது. மாலினீவிஜயோத்தரம் அடையாளங்களை வரிசைப்படுத்தும்போது முதலாவதாக வைப்பது அசையாத சிவபத்தி. சித்தாந்த நூல்கள் சொல்பவை பந்தத்தில் வெறுப்பு, வீடுபேற்றில் விருப்பம், சிவனிடமும் அடியாரிடமும் அன்பு. வெளிச்சமும் சூடும் இந்த இடத்தில் முன்னே நிற்கவில்லை. நான் என்ற முனைப்புக்கு என்ன நடந்தது என்பதைத்தான் கேட்கிறார்கள். தியானம் முடிந்து எழும்பியதும் அம்மம்மாவோடு எரிந்து விழுகிறீர்களா, மற்றவர்களுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டது என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்கிறதென்றால் அந்த வெளிச்சத்தையும் ஆணவம் தன் சொத்தாக எழுதிக்கொண்டுவிட்டது.

இதில் இரு மரபுகளுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு, அதையும் சொல்லாமல் விடமுடியாது. காஷ்மீரத்து உற்பலதேவரும் அபிநவகுப்தரும், நீ சிவமே, அதை மறந்திருக்கிறாய், அடையாளம் கண்டுகொண்டால் போதும் என்பார்கள். சித்தாந்திகள் விடமாட்டார்கள். மலம் ஒரு பொருள், அது கண்ணில் விழுந்த படலம் போன்றது; படலம் இருக்கிறது என்று அறிந்ததால் பார்வை வந்துவிடுமா, வைத்தியர் கருவி எடுத்து நீக்க வேண்டாமா என்று கேட்பார்கள். ஆகவே குருவின் தீட்சை வேண்டும் என்பது அவர்கள் முடிவு. முத்தியிலும் உயிர் சிவமாகிவிடாது, சிவத்தின் தாளில் தலையாக அடங்கி நிற்கும் என்பதும் அவர்கள் முடிவு. நான் சித்தாந்தத்தில் நிற்கிறவன். ஆனால் தியானத்தின் நுட்பங்களுக்குக் காஷ்மீர நூல்களையும் வாசியுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அந்த நாளிலும் இடையில் வேலி இருக்கவில்லை. எங்கள் சித்தாந்த ஆகமங்களுக்கு உரை எழுதிய பட்ட ராமகண்டர் காஷ்மீரத்தவர். காஷ்மீரத்தில் தழைத்த கிரமம் என்ற தந்திர நெறியைச் சொல்லும் மகார்த்தமஞ்சரியை எழுதிய மகேசுவரானந்தர் தில்லையில் இருந்தவர்.

எங்கள் ஊரிலே இது எப்படி நடந்தது என்று பாருங்கள். யோகர் சுவாமிகள் (1872–1964) கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பில் இருந்தவர். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகள் அவரைப் பார்த்து "யாரடா நீ?" என்று அதட்டினார் என்றே இன்றும் சொல்கிறார்கள். மூச்சு எப்படி விடுகிறாய் என்றோ, என்ன வெளிச்சம் கண்டாய் என்றோ கேட்கவில்லை. கேள்வி நேரே அந்த நானிடம் போனது. அதன் பிறகும் குருவின் ஏச்சையும் விரட்டலையும் தாங்கிக்கொண்டு வருடக்கணக்காகப் பின்னே திரிந்துதான் அவர் கனிந்தார்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விஞ்ஞானபைரவம் என்ற தந்திரத்தில் 112 தாரணைகள், அதாவது மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் முறைகள், இருக்கின்றன. மூச்சை முட்டிப் பிடிக்கச் சொல்லாதவை அவற்றில் பல. வெளியே போன மூச்சு முடியும் இடத்தில் ஒரு நொடி ஓய்வு இருக்கிறது. உள்ளே வந்த மூச்சு இதயத்தில் அடங்கும் இடத்திலும் இருக்கிறது. அதை நீட்டாமல், இழுக்காமல், அங்கே கவனத்தை மட்டும் வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. நெடுநாள் காணாத உறவினரைக் கண்டதும் பெருகும் மகிழ்ச்சியைத் தியானித்து அதிலே கரைந்துவிடு என்கிறது அந்த நூல். யாழ்ப்பாணத்தில் இதை விளக்கத் தேவையில்லை. கனடாவுக்குப் போன அண்ணா இருபது வருடத்துக்குப் பிறகு படலையடியில் வந்து நிற்கிறார். கண்டதும் ஒரு கணம் பேச்சு வராது. நான் சந்தோசப்படுகிறேன் என்ற எண்ணம்கூட அப்போது இன்னும் எழுந்திருக்காது. அண்ணாவின் முகம், கொண்டுவந்த பெட்டி, நரைத்த தலைமுடி, இவையெல்லாம் பிறகு வருபவை. அவை வருமுன் நெஞ்சில் நிறைந்து நின்ற அந்த நிறைவுக்கு உரியவர் என்று தனியாக ஒருவர் இல்லை. மனத்தை அங்கே நிறுத்து என்கிறது தந்திரம். வீட்டில், சமையலறையில், பஸ்ஸில் எங்கேயும் இது வரலாம்.

ஆகவே தங்கை, வேக மூச்சுப் பயிற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காலையில் திருநீறு அணிந்து, முதுகை நிமிர்த்தி இருந்து, சற்று முன் சொன்ன மூச்சின் ஓய்வைக் கவனியுங்கள். கால் மணி நேரம் போதும். நடுக்கம் வந்தால் அதைத் தடுக்கவும் வேண்டாம், வரவேற்கவும் வேண்டாம், குழுவில் எழுதவும் வேண்டாம். சமய தீட்சை இன்னும் பெறவில்லை என்றால், ஆணும் பெண்ணும் பெறலாம், ஊர்க் கோயில் சிவாசாரியாரிடம் கேளுங்கள். திருவைந்தெழுத்தை அவர் வாயால் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு பூசைக்கு அரை மணி நேரம் முந்திப் போய், ஐயர் பூதசுத்தி செய்வதை முன்னே இருந்து வடிவாகப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போது அவரிடமே விளக்கம் கேட்கலாம். கேட்பவர்கள் குறைந்துவிட்டதால் பலர் சந்தோசமாகச் சொல்லித்தருவார்கள். அதற்குப் பிறகும் சூடும் நடுக்கமும் தொடர்ந்தால், முதலில் மருத்துவரைக் கண்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.