மே மாசம் தரங்கம்பாடி போகாதீங்க! பிப்ரவரி பிளான் இந்தாங்க

வணக்கம் வணக்கம். பைக் செயின் வீடியோ ரெண்டாம் பாகம் அடுத்த வாரம்தான், திட்டாதீங்க. நேத்து நம்ம கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டணத்து சப்ஸ்கிரைபர் ஒருத்தங்க, கடலோரத்துல தங்கின லாட்ஜ் பில்ல போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. அதப் பேசாம செயினெல்லாம் பேச முடியாது.

ரூம் வாடகை 2,400. நவம்பர் மாச பில். வரி 12 சதவீதம், 288 ரூபாய். ஏங்க, 2025 செப்டம்பர் 22-லேருந்து, ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் இருக்கற ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 2,400-க்கு 120 ரூபாய். மிச்சம் 168 எதுக்கு? இவங்க எடுத்தது ரெண்டு ரூம், ரெண்டு ராத்திரி. நாலு தடவ 168, மொத்தம் 672 ரூபாய். கேட்டா "கம்ப்யூட்டர்ல பழைய ரேட் மாத்தலங்க"ன்னு பதிலாம். காச கம்ப்யூட்டரா எண்ணி வாங்குது?

பில்லோட தலைல 15 இலக்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கா பாருங்க. தமிழ்நாடுன்னா 33-ல ஆரம்பிக்கும், காரைக்கால் பாண்டிச்சேரிய சேர்ந்தது, அதனால 34. நம்பரே இல்லாத பில்லுல வரி போட்டிருந்தா ஒத்த ரூபா தராதீங்க. அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடியே போன்ல மூணு கேள்வி: வரி சேத்து எவ்ளோ, எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்ளோ, செக் அவுட் 24 மணி நேரமா இல்ல மதியம் 12-ஆ. பதில வாட்ஸப்ல எழுதி வாங்குங்க. வாயால சொன்னது காத்தோட போயிரும்.

சரி, பிளான். ஊரு தரங்கம்பாடி. மகாபலிபுரம், பாண்டிச்சேரி எனக்கு ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும். கடல விட கூட்டத்த தான் அதிகம் பாக்கணும். நம்ம ஒகேனக்கல்ல பாறைல விழுந்து போற காவிரி பூம்புகார்ல கடல சேருதில்ல, அதுக்குக் கொஞ்சம் தெற்க இருக்கு இந்த ஊரு.

எப்ப போறது? நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எல்லாருக்கும் மே மாசம்தான். லீவு விட்டதும் மூட்ட கட்டிருவாங்க, "கடலுக்குப் போனா மீன் சும்மா கெடைக்கும்"னு. கிழக்குக் கரைல ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், மீன்பிடி தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கற நேரம்னு விசைப்படகெல்லாம் கரைல கட்டிக் கெடக்கும். நாட்டுப்படகு மட்டும் கரைய ஒட்டிப் போகும், கொஞ்சம்தான் வரும், வெல ஏறிடும். மேற்குக் கரைல அப்ப தடை இல்ல, அதனால அந்தப் பக்கத்து மீன் ஐஸ்ல லாரி ஏறி வரும். அந்த ஐஸ் மீன சாப்பிட அவ்ளோ தூரம் எதுக்கு? தர்மபுரி மார்க்கெட்ல கெடைக்கும். அதுவும் இங்க மாம்பழ சீசன் உச்சத்துல இருக்கும்போது.

அரையாண்டு லீவும் வேணாம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசி வரைக்கும் இழுக்கும், கடல் கொந்தளிப்பாதான் இருக்கும். பிப்ரவரிதான் சரி. மழை போயிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, படகெல்லாம் கடலுக்குப் போகும். 2026 பிப்ரவரி 20, வெள்ளி ராத்திரி கெளம்புறோம்.

கிருஷ்ணகிரிக்காரங்க மன்னிக்கணும், உங்க டவுனுக்கு ரயிலே இல்ல, தர்மபுரிக்கோ ஓசூருக்கோ வந்துருங்க. மைசூர்லேருந்து பெங்களூரு, ஓசூர், தர்மபுரி, சேலம் வழியா கடலூர் துறைமுகம் போற எக்ஸ்பிரஸ், 16232. ராத்திரி தர்மபுரில ஏறினா காலைல மயிலாடுதுறை. முன்ன மயிலாடுதுறையோட நின்ன வண்டி, இப்ப நீட்டிட்டாங்க, அதனால தூங்கிட்டா கடலூருக்குப் போயிருவீங்க. அலாரம் வைங்க.

முன்பதிவுதான் கவனம். 2024 நவம்பர் 1-லேருந்து 60 நாளைக்கு முன்னாடிதான் தெறக்கும், 120 நாள் கத முடிஞ்சுது. பயண நாள அந்த 60-ல சேக்கக்கூடாது. அப்ப 20-ஆம் தேதி டிக்கெட் டிசம்பர் 22 காலைல 8 மணிக்குத் தெறக்கும். திரும்பி வர்றது ஞாயிறு 22, அந்த வண்டி நம்பர் 16231, அதோட டிக்கெட் டிசம்பர் 24-தான் தெறக்கும். ரெண்டையும் ஒரே நாள்ல எடுக்கலாம்னு உக்காந்தீங்கன்னா திரும்பற டிக்கெட் வராது, "சைட் வேல செய்யல"ன்னு எனக்கு மெசேஜ் போடுவீங்க. திரும்பற வண்டி திங்கக்கெழம விடியறதுக்கு முன்னாடியே தர்மபுரி வந்துரும். பசங்களுக்கு அன்னிக்கு ஸ்கூல் இருக்கும், ஒத்துக்கறேன். வேற வழி இல்ல.

மயிலாடுதுறை ஜங்ஷன்ல எறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ. அங்கேருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியா போற பஸ்ல ஏறணும். தரங்கம்பாடில ரூம் கம்மி. கெடைக்கலன்னா திருக்கடையூர்ல தங்கலாம், பக்கம்தான். ஆனா அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் எல்லாம் அங்கதான் நடக்குது. முகூர்த்த நாள்ல ஒரு லாட்ஜும் காலி இருக்காது. காலண்டர பாத்துட்டுப் போன் போடுங்க. ஏடிஎம், மருந்துக்கடைக்குப் பொறையாறு போயிக்கலாம்.

இப்பதான் முக்கியமான விஷயம். கடல்ல எறங்கறது. மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் குளிக்காதீங்க. பாண்டியர் காலத்துக் கோயில், முன்பக்கத்தக் கடல் தின்னுடுச்சு, அரிப்பத் தடுக்கப் பாறாங்கல்லு கொட்டியிருக்காங்க. அலை தூக்கி கல்லுல அடிச்சா மண்டை ஒடையும்.

மத்த எடத்துல எறங்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் மேட்டுல நின்னு பாருங்க. அலை வந்து வந்து கரைல தண்ணியக் குவிக்கும். குவிஞ்ச தண்ணி திரும்பிப் போகணும்ல? மணல் திட்டுக்கு நடுவுல பள்ளமான சந்து இருந்தா அது வழியா ஆறு மாதிரி உள்ள ஓடும். பள்ளம்ங்கறதால அங்க அலை ஒடையாது. ரெண்டு பக்கமும் வெள்ள நுரை, நடுவுல மட்டும் அமைதியா, கொஞ்சம் கலங்கலா ஒரு பட்டை, அதுல நுரையும் குப்பையும் கடல் பக்கமா போய்க்கிட்டு இருக்கும். நம்மாளுங்க "இங்க அலையே இல்ல, குழந்தைக்கு நல்லது"ன்னு கரெக்டா அந்தப் பட்டைலதான் குடும்பத்தோட எறங்குவாங்க. இழுக்கற எடமே அதான்.

மாட்டிக்கிட்டா கரைய பாத்து எதுத்து நீந்தாதீங்க, கை சோர்ந்துரும். மெதந்துக்கிட்டே கரைக்கு இணையா பக்கவாட்டுல போங்க, நுரை இருக்கற எடத்துக்கு வந்ததும் அலையோட சேந்து கரைக்கு வாங்க. கரைல நிக்கறவங்க குதிக்கக்கூடாது. அஞ்சு லிட்டர் தண்ணி கேன காலி பண்ணி, மூடிய இறுக்கி, கைப்பிடில இருபதடி கயிறு கட்டி வச்சுக்கோங்க. அத வீசுங்க. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, இப்பவே போன்ல போட்டு வைங்க. பொம்பளைங்க பொடவையோட முழங்காலுக்கு மேல தண்ணிக்குள்ள போகவே வேணாம், நனைஞ்சா கால சுத்திக்கும். சுடிதார் போதும்.

சொறிமீன் பட்டா மணல் போட்டுத் தேய்க்காதீங்க, நல்ல தண்ணியும் ஊத்தாதீங்க, கடல் தண்ணிலயே கழுவுங்க. மூச்சு திணறினா நேரா ஆஸ்பத்திரி. கால்ல ஒட்டின மணலுக்கு முகப்பவுடர் தூவித் தட்டினா உதிந்துரும்.

மீன் வாங்கறதுன்னா காலைல. செவுள் செவப்பா, கண்ணு புடைச்சு, அமுக்கினா பள்ளம் விழாம இருக்கணும். சங்கரா, கிழங்கான் ரெண்டும் முள்ளு பாத்து சாப்பிடத் தெரிஞ்சவங்களுக்கு. நம்மாளுங்க வஞ்சிரம் வஞ்சிரம்னு அதையே கேட்டு வெலய ஏத்தி விட்டுருக்கீங்க.

ஆங், கோட்டைய விட்டுட்டேன். 1620-ல டென்மார்க்காரங்க கட்டினது, 1845-ல இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போனாங்க. உள்ள மியூசியம், வெள்ளிக்கிழமை லீவு, நம்ம பிளான்ல சனிக்கிழம போறதால பிரச்சனை இல்ல. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல வந்து எறங்கின ஊரு, தமிழ்ல பைபிளோட புதிய ஏற்பாட்ட 1715-ல அச்சடிச்சு முடிச்சதும் இங்கதான்.

இன்னொண்ணு, கருவாடு வாங்கினா ரெண்டு பாலிதீன் கவர், மேல ஒரு சில்வர் டப்பா, மூடிய சுத்தி டேப்பு. ஸ்லீப்பர் கோச்ல ராத்திரி முழுக்க வரணும்ங்க.