தொடங்க முடியாத கைகள்

நேயர்களுக்கு வணக்கம். தசைச்சிதைவு நோய் என்றதும் தளர்ந்த கால்களும் சக்கர நாற்காலியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இந்நோய்களுள் சில மூளையையும் தொடுகின்றன என்பதும், அதை அறியாத வீடுகளில் நோயாளி வீண்பழி சுமக்கிறார் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற நோய் உள்ளவர் கைகுலுக்கினால், பிடித்த பிடியை உடனே விட முடியாமல் விரல்கள் இறுகி நிற்கும். பத்தொன்பதாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் குறியீட்டில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே இதன் முதல் வகைக்குக் காரணம் என்று 1992இல் கண்டறிந்தார்கள். அந்தக் கோளாறு மூளைச் செல்களையும் பாதிப்பதால், பகலிலும் விடாத தூக்கமும், எதையும் தொடங்க மனம் எழாமையும், திட்டமிடுவதில் தடுமாற்றமும் பலருக்கு உண்டாகின்றன. மேசைமேல் ஒரு படிவம் கிடக்கிறது; பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது. "இன்று முடித்துவிடுகிறேன்" என்று அவர் மனதாரத்தான் சொல்கிறார். மாலையில் பார்த்தால் முதல் வரிகூட நிரம்பவில்லை. வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர். இதயத் துடிப்பே தடுமாறக்கூடிய இந்நோயில், இப்படித் தொடங்க முடியாமையால் இதயப் பரிசோதனைக்குரிய நாளும் தவறிவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெருங்கவலை.

சிறுவர்களைத் தாக்கும் டூஷென் தசைச்சிதைவில், தசையில் இல்லாமற்போகும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் மூளைக்கும் வேண்டியது. எனவே, கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்திவைக்கும் ஆற்றல் பல பிள்ளைகளுக்குக் குறைகிறது. "பையை வை, நோட்டை எடு, தேதியை எழுது, கணக்கைப் போடு" என்று ஆசிரியர் ஒரே மூச்சில் சொன்னால், சிறுவன் நோட்டை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அடம்பிடிக்கிறான் என்று எண்ணிவிடாதீர்கள்; ஒன்று முடிந்தபின் அடுத்ததைச் சொன்னால் செய்துவிடுவான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூச்சுத் தசைகள் தளர்ந்தவருக்கு இரவில் கரியமில வாயு உடலில் தேங்கினால், காலையில் தலைவலியும் நாள் முழுதும் மந்தமும் இருக்கும். முகக்கவசம் வழியே காற்றூட்டும் கருவியால் இதைப் பெரும்பாலும் சீராக்கலாம் என்பதால், மருத்துவரிடம் நடையைப் பற்றிச் சொல்லும்போதே தூக்கத்தையும் மறதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோயாளிக்கே தம் குறை முழுமையாகத் தெரியாமல் இருக்கலாம். உடன் வருபவர்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தப் படிவத்துக்கு வருகிறேன். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "முதலில் பெயரை எழுதுங்கள்" என்று தொடங்கிவைத்தால், மீதியை நோயாளியே நிரப்பிவிடுவதும் உண்டு.