சாய்தளத்தின் சாவி யாரிடம்?

(கோவையில் செவிலியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களே, மாவட்ட வருவாய் அலுவலர் அவர்களே, தீயணைப்பு நிலைய அலுவலர் அவர்களே, பொதுப்பணித் துறைச் செயற்பொறியாளர் அவர்களே (ஐயா, உங்களுக்கு இன்றைக்குக் கொஞ்சம் சிரமம் கொடுக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்), எனக்குப் பொன்னாடை போர்த்திய சங்கத் தலைவி அவர்களே, பின்வரிசையில் இரவு டியூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் தங்கைகளே, வாசலோரம் நிற்கும் வார்டு உதவியாளர்களே, வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் வயதைக் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற ஒரு நர்சிங் சூப்பிரண்டு வேறென்ன காரணம் சொல்ல முடியும்?

ஐந்து விஷயங்கள் பேசுவதாகக் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். ஒன்று, நமக்கு நிலநடுக்கம் வருமா. இரண்டு, கட்டடம். மூன்று, கட்டடத்துக்குள் இருக்கும் சாமான்கள். நான்கு, மாக் டிரில் என்று நாம் நடத்துகிற ஒத்திகையை எப்படி மதிப்பிடுவது. ஐந்து, பக்கத்து மருத்துவமனைகளோடு செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு. முதல்வர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, சுருக்கமாகவே பேசுகிறேன்.

முதல் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. "கோயமுத்தூர்ல ஏனுங்க பூகம்பம் வரப்போகுது?" 1900ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இந்தக் கோவைப் பக்கத்தை மையமாகக் கொண்டு, ரிக்டர் அளவில் ஏறக்குறைய 6 என்று மதிப்பிடப்படும் நிலநடுக்கம் வந்தது. தென்னிந்தியாவின் பல பகுதிகளில் உணர்ந்தார்கள். அன்றைக்கு இங்கே ஆறு மாடி ஆஸ்பத்திரியும் இல்லை, ஐ.சி.யூ.வும் இல்லை. இன்றைக்கு அதே அளவில் வந்தால் கதை வேறு. சென்னையையும் பாருங்கள். 2002இல் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது இரண்டாம் மண்டலத்தில் இருந்த அந்த ஊரை, ஆபத்து கூடிய மூன்றாவதுக்கு ஏற்றினார்கள். அந்த வரைபடத்தில் கோவையும் மூன்றாம் மண்டலம்தான். பெரிய ஆபத்து என்று பயமுறுத்த வரவில்லை. வராது என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, கட்டடம். குஜராத்தில் 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை 8.46 மணி. பூஜ் நகரத்து அரசு மருத்துவமனை அந்த நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனங்களுக்கு ஓடிப்போக ஆஸ்பத்திரி இல்லை. மருத்துவம் திறந்தவெளியில் நடந்தது. பிறகு அதே ஊரில் கட்டிய புதிய மருத்துவமனையை நடுவில் ஈயம் வைத்த ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். தரை ஆடினாலும் மேலே ஆட்டம் குறைந்துதான் போய்ச் சேரும். நம் இந்தியத் தர விதியிலும் மருத்துவமனைக்கு முக்கியத்துவக் காரணி 1.5 என்று இருக்கிறது. சாதாரண வீட்டுக்குப் போடும் கணக்கைவிட ஒன்றரை மடங்கு விசையைத் தாங்கும்படி வடிவமைக்க வேண்டும். விதி இருக்கிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் அம்மா சொல்வார். இந்தப் பழமொழியை இன்றைக்கு இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன். எண்ணிக்கொள்ளுங்கள்.

கட்டடம் நின்றுவிட்டால் போதுமா? கலிபோர்னியாவில் ஆலிவ் வியூ என்று ஒரு மருத்துவமனை. 1971 பிப்ரவரியில், புதிதாகத் திறந்த சூட்டோடு, சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் நொறுங்கியது. படிக்கட்டுக் கோபுரங்கள் கட்டடத்தை விட்டுப் பிரிந்து சாய்ந்தன. ரோஷம் வந்து அதே இடத்தில் இரும்பும் கான்கிரீட்டுமாகக் கோட்டை போலத் திருப்பிக் கட்டினார்கள். 1994 ஜனவரியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது, கோட்டை அசையவில்லை. ஆனால் உள்ளே தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய்கள் உடைந்து வார்டெல்லாம் தண்ணீர். கட்டடம் கல்லுப்போல நிற்க, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாகிவிட்டது.

நம்மிடம் சுவரில் கட்டாத ஆக்சிஜன் சிலிண்டர், பூட்டு இல்லாத மருந்து அலமாரி, பிரேக் போடாத கட்டில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வளைந்துகொடுக்காத குழாய், தரையில் போல்ட் போடாத ஜெனரேட்டர் பேட்டரி. இவற்றைச் சங்கிலி போட்டுக் கட்ட ஆகும் செலவு, இன்றைக்கு எனக்குப் போர்த்திய சால்வைகளின் விலைக்கு மேல் போகாது. தலைவி அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்போது ஒத்திகைக்கு வருகிறேன். ஊர் பெயர் வேண்டாம், மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். நான் பணியில் இருந்தபோது ஒரு இடத்தில் நடந்தது.

பதினோரு மணிக்கு நிலநடுக்கம் என்று சுற்றறிக்கை வந்தது. பத்தரைக்கே எல்லாரும் புதுச் சீருடையில் வரிசையாக நிற்கிறோம். சிறப்பு விருந்தினர் வரவில்லை. நிலநடுக்கம் அவருக்காக நாற்பது நிமிடம் காத்திருந்தது. அவர் வந்தார், பூங்கொத்து வாங்கினார், அப்புறம்தான் சைரன். மூன்றாம் மாடியிலிருந்து மூன்று நோயாளிகளைத் தூக்கி வந்தார்கள். மூவரும் நர்சிங் மாணவிகள். தலையில் கட்டு, கட்டின் மேல் சிவப்பு மை. ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, போர்வையை வாயில் திணித்துக்கொண்டாள். எதில் கொண்டுவந்தார்கள்? லிஃப்டில்! நிலநடுக்கத்தில் எதைத் தொடக் கூடாது என்று வகுப்பெடுக்கிறோமோ அதே லிஃப்டில்.

எனக்கு ஆத்திரம். ராம்ப், அதாவது சாய்தளத்தின் பக்கம் ஓடினேன். ராம்ப் வாசலில் கிரில் கேட், கேட்டில் பூட்டு. சாவி ஸ்டோர் கீப்பரிடம், ஸ்டோர் கீப்பர் மகள் சீமந்தத்துக்கு லீவு. கம்பி வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே மலை மாதிரி சாமான்: கால் ஒடிந்த கட்டில்கள், துருப்பிடித்த டிராலி, கிழிந்த மெத்தை, எந்தக் காலத்திலோ வந்த தேர்தல் தட்டி ஒன்று. நடுவில் குட்டி போட்டிருந்த பூனை மட்டும்தான் அந்த ராம்பை ராம்பாகப் பயன்படுத்தியது.

அப்போது பின்னால் ஒரு குரல். ஒரு பாட்டி, கையில் தூக்குப்போசி. அவருடைய வீட்டுக்காரர் எலும்பு முறிவு வார்டில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருக்கிறார். "ஏனுங் சிஸ்டரு, எல்லாரையும் தூக்கீட்டுப் போறீங்களே, எங்கூட்டுக்காரர எப்பத் தூக்குவீங்க?" என்றார். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்: "பாட்டி, அவரு நெசமான நோயாளிங்க. அவரத் தூக்க மாட்டோம்."

சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தப் பாட்டியின் முகம் தூங்கவிடவில்லை. அன்றைய அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "ஒத்திகை சிறப்பாக நடைபெற்றது. அனைவரும் வெளியேற்றப்பட்டனர்." வார்டில் இருந்த அத்தனை பேரும் கட்டிலிலேயே படுத்திருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய்!

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? உலக சுகாதார நிறுவனமும் பான் அமெரிக்கச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து மருத்துவமனைப் பாதுகாப்புக் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கின்றன. கட்டடம், உள்சாமான், அவசரகால நிர்வாகம் என்று சுமார் 150 அம்சங்களைப் பார்த்து, மருத்துவமனையை ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். நல்ல முறை. ஆனால் நான் அவ்வளவு தூரம் போகவில்லை. என் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம் கொடுங்கள். இரவு இரண்டு மணிக்குச் சொல்லாமல் வருகிறேன். வார்டில் ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர் இருக்கும் நேரம். ஆட்டம் நிற்கும் வரை யாரும் ஓடாமல் இருந்தார்களா, நின்ற பிறகு வெளியேற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அந்த நேரத்தில் யாருக்கு, வென்டிலேட்டர் நோயாளிக்குக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை எங்கே தொங்குகிறது, ஒப்பந்தப் பணியாளருக்கு யாராவது ஒருவர் எப்போதாவது இதைச் சொல்லிக் கொடுத்தார்களா என்று பார்க்கிறேன். கடைசி நோயாளி வெளியே வந்த நேரம்தான் மதிப்பெண்.

மெக்சிகோ நகரத்தில் 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தில் ஹுவாரஸ் மருத்துவமனை இடிந்தது. அதன் நினைவாக ஆண்டுதோறும் அதே நாளில் ஒத்திகை நடத்துகிறார்கள். 2017 செப்டம்பர் 19 அன்றும் காலை 11 மணிக்கு நடத்தினார்கள். பகல் 1.14க்கு நிஜமாகவே வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் இறங்கிய அதே படியில் மறுபடி இறங்கினார்கள். நாமாக இருந்தால் அந்த நேரத்தில் விருந்தினருக்கு மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருப்போம்.

இங்கேதான் என் கோரிக்கை. நான்கு வருடமாக ஊர் ஊராகச் சொல்லிவருகிறேன், இன்றும் விடமாட்டேன். சாய்தளத்தைத் திறந்து விடுங்கள்! ஸ்ட்ரெச்சரும் சக்கர நாற்காலியும் மனிதத் தள்ளலில் இறங்கக்கூடிய ஒரே பாதை அது. படியில் ஒரு நோயாளியைத் தூக்க நான்கு பேர் வேண்டும். இரவில் நான்கு பேருக்கு எங்கே போவேன்?

புதுக் கட்டடங்களில் ராம்பே வைப்பதில்லை, இடம் பிடிக்கிறதாம். உண்மைதான். 12 அடிக்கு ஒரு அடி சரிவு என்றால் 12 அடி உயர மாடி ஒன்றுக்கு 144 அடி நீளம் வேண்டும். அந்த இடத்தில் நான்கு கட்டண அறை போடலாம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். நிலநடுக்கத்தில் ராம்பும் விழாதா என்று ஒரு பொறியாளர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. விழாதபடி கட்டுவதற்குத்தானே ஐயா உங்களை வைத்திருக்கிறோம்?

பழைய கட்டடங்களில் ராம்ப் இருக்கிறது, வழி இல்லை. ஏன் என்று விசாரித்தேன். உடைந்த கட்டிலைத் தூக்கி எறிய முடியாது, இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. கண்டம் செய்ய, அதாவது இனி உதவாது என்று பதிவேட்டிலிருந்து கழிக்க, ஒரு கமிட்டி கூட வேண்டும், கையெழுத்து வேண்டும், ஏலம் விட வேண்டும். கமிட்டி கூடும் வரை கட்டில் எங்கே இருக்கும்? ராம்பில். ஏட்டில் இருக்கும் கட்டிலைக் காப்பாற்றப் போய் வார்டில் இருக்கும் மனிதனுக்கு வழியை அடைத்துவிட்டோம். ஏட்டுச் சுரைக்காய் மூன்றாவது முறை, எண்ணினீர்களா? வருவாய் அலுவலர் ஐயா, கண்டம் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் கூட வேண்டும் என்று ஒரே ஒரு உத்தரவு. மனுவில் எழுதியிருக்கிறேன். வெளியே மேசையில் கையெழுத்துத் தாளும் பேனாவும் இருக்கின்றன. பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். ஐந்தாவது விஷயத்தை இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். முதல்வர் ஐயா, தேநீர் குடித்ததும் என்னோடு உங்கள் வடக்கு பிளாக் வரை ஒரு நடை வாருங்கள். கீழ்த்தளத்திலிருந்து மேல் மாடி வரை ராம்பிலேயே ஏறிப் பார்ப்போம். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் இப்போதே ஆள் அனுப்பிக் கேட்டு வையுங்கள்.