ஓர் உணவகமும் 46 சதவீத இறைச்சியும்

நேயர்களுக்கு வணக்கம்.

1964இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஆலிஸ் பார்பிக்யூ என்றொரு உணவகம். 220 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். கறுப்பினத்தவர் மட்டும் உட்காரக் கூடாது. பார்சல் வாங்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். அங்கே வேலை பார்த்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

1964 ஜூலையில் வந்த சிவில் உரிமைச் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம் இறைச்சிக் கணக்கைப் பார்த்தது. முந்தைய 12 மாதங்களில் உணவகம் வாங்கியது சுமார் ஒன்றரை லட்சம் டாலர் சரக்கு. அதில் 46 சதவீதம் இறைச்சி. விற்றவர் உள்ளூர் வியாபாரிதான், ஆனால் அவருக்கு அது வெளி மாநிலத்திலிருந்து வந்தது. ஆகவே மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தோடு தொடர்பு உண்டு, மத்திய அரசின் சட்டம் செல்லும் என்றார்கள் ஒன்பது நீதிபதிகளும்.

முடிவு நியாயமானது. ஆனால் ஒரு மனிதரைச் சமமாக உட்கார வைக்க இறைச்சி எங்கிருந்து வந்தது என்று ஏன் பார்க்க வேண்டும்?

அமெரிக்க அரசியலமைப்பு மத்திய அரசுக்கு இன்னின்ன அதிகாரம் என்று வரிசையாகச் சொல்கிறது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்துவது அவற்றில் ஒன்று. மற்றவை மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது 1791இல் வந்த பத்தாம் திருத்தம். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1868இல், எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்று பதினான்காம் திருத்தம் வந்தது. அதை வைத்து 1875இலேயே நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: சத்திரம், ரயில், நாடக அரங்கு எங்கேயும் நிறம் பார்க்கக் கூடாது. 1883இல் உச்ச நீதிமன்றம் அதை வீழ்த்தியது. அந்தத் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் நடத்தும் சத்திரத்தை அல்ல என்றது. நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவர்தான் மறுத்தார். அவர் சொன்னதே சரி என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒரு தீர்ப்பால் 80 ஆண்டுகள் போயின.

அந்த வழி அடைபட்டதால் 1964இல் காங்கிரஸ் முக்கியமாக வணிக அதிகாரத்தையே நம்பியது. அதற்குள் அந்த அதிகாரம் வெகுவாக விரிந்திருந்தது. விரிந்த கதையில் ஒஹாயோ விவசாயி ராஸ்கோ ஃபில்பர்ன் வருகிறார். கோதுமை விலை விழாமல் இருக்க, யார் எவ்வளவு பயிரிடலாம் என்று 1938ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது. அவருக்கு 11.1 ஏக்கர். அவர் விதைத்ததோ 23 ஏக்கர். கூடுதலாக விளைந்தது 239 புஷல் (புஷல் என்பது தானியம் அளக்கும் அளவை). புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் சொச்சம் அபராதம். என் கோழிக்கும் மாட்டுக்கும் வீட்டு ரொட்டிக்கும் விளைத்ததில் மாநிலம் தாண்டிய வணிகம் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1942இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: அவர் ஒருவர் சந்தையில் வாங்காமல் விட்டால் ஒன்றுமில்லை, அவரைப் போல எல்லோரும் செய்தால் நாட்டின் கோதுமைச் சந்தையே அசையும். இந்தக் கூட்டல் கணக்குதான் பிறகு பர்மிங்ஹாம் உணவகத்தையும் எட்டியது.

1964 வழக்கிலேயே நீதிபதி வில்லியம் டக்ளஸுக்கு இது உறுத்தியது. முடிவை ஏற்றுக்கொண்டு, பதினான்காம் திருத்தத்தின் மீதே இதை நிறுத்தியிருக்கலாம் என்று தனியாக எழுதினார். மக்கள் மாநிலம் விட்டு மாநிலம் போகும் உரிமை, மாடும் பழமும் எஃகும் நிலக்கரியும் போவதைவிட மேலான பாதுகாப்புக்கு உரியது என்பது அவர் வாதம்.

அந்த உறுத்தல் வீண் இல்லை. 1995இல் காற்று திரும்பியது. பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பது வணிகம் ஆகாது என்று, அதைத் தடை செய்த ஒரு மத்திய சட்டம் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் விழுந்தது. 2000இல் இன்னொன்று. பாலினம் காரணமாகத் தாக்கப்பட்டவர் தாக்கியவர்மீது மத்திய நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருந்தது. இந்த வன்முறையால் பொருளாதாரத்துக்கு ஆகும் இழப்பைப் பற்றி காங்கிரஸ் குவித்த சான்றுகள் ஏராளம். 36 மாநிலங்களே சட்டத்தை ஆதரித்து மனு போட்டன. அப்படியும், மாநிலங்களின் அதிகாரத்தைக் காக்கிறோம் என்று ஐந்து நீதிபதிகள் அதைச் செல்லாததாக்கினார்கள். வன்முறை பொருளாதார நடவடிக்கை அல்ல என்பது முதல் காரணம்.

சரி, பதினான்காம் திருத்தமாவது கை கொடுக்குமா? அதுவும் இல்லை என்றார்கள். அதற்கு அவர்கள் ஆதாரமாகக் காட்டியவற்றில் 1883ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஒன்று. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்னும் ரத்து செய்யவில்லை.

நன்றி, வணக்கம்.